ஊதா மூடி

பாலாழி நிறுவனத்தின் எந்த டப்பாவிலும் சாதி என்ற சொல் கிடையாது. அச்சடித்தால் ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்கும் என்பது ஒரு காரணம். அச்சடிக்க அவசியமே இல்லை என்பது அதைவிடப் பெரிய காரணம். டப்பாவில் கொழுகொழுவென்று ஒரு குழந்தை சிரிக்கும். கீழே ‘பாரம்பரியத் தாய்ப்பால் மாவு’ என்று எழுதியிருக்கும். மேலே மூடி. மூடியில் பதினான்கு நிறம் உண்டு. கடைக்காரர், “எந்த மூடி?” என்று மட்டும் கேட்பார். வந்தவர் ஒரு நிறத்தைச் சொல்வார். பக்கத்தில் நிற்பவர்கள் அதைக் காதில் வாங்கிக்கொண்டு, ஆளை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்துவிட்டு, அதற்குத் தகுந்தபடி சிரிப்பார்கள், இல்லையென்றால் கொஞ்சம் நகர்ந்து நிற்பார்கள். எல்லாம் நாகரிகமாக நடந்து முடிந்துவிடும்.

செவ்வாய் கிரகத்தில் ஆள் இறக்கிய பிறகும் ஊர் இப்படித்தான் இருந்தது. இறங்கியவர் எந்த ஆளுங்க என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் பாதிப் பேர் கைதட்டினார்கள்.

அந்தப் பாலுக்கு மாடு வேண்டாம், தாயும் வேண்டாம். பிள்ளை பெற்ற ஒருத்தியின் பாலில் சுரப்பிச் செல்கள் கொஞ்சம் மிதந்து வரும். அவற்றைப் பிரித்தெடுத்து, பெரிய எஃகுத் தொட்டிகளில் ஊட்டம் கொடுத்து வளர்த்தால், அவள் இல்லாமலே அவளுடைய பால் சுரந்துகொண்டிருக்கும். அதைக் காயவைத்துப் பொடியாக்கினால் டப்பாவில் அடைத்துவிடலாம். கண்டுபிடித்தவர்கள் நல்ல மனசோடுதான் கண்டுபிடித்தார்கள். குறைமாதத்தில் பிறந்ததுகள், தாயைப் பறிகொடுத்ததுகள், மாட்டுப்பால் மாவு ஒத்துக்கொள்ளாமல் ரத்தமாகக் கழிகிறதுகள், இவர்களுக்காகத்தான் அத்தனை பாடும். சமாச்சாரம் நம் ஊருக்கு வந்து சேர்ந்ததும் சந்திரகாசன் என்ற ஒரு மனிதர் யாரும் கேட்காத கேள்வி ஒன்றைக் கேட்டார். யாருடைய பால்?

அந்தக் கேள்விதான் அவரை ஒரகடத்தில் இருபது ஏக்கர் தொழிற்சாலைக்கு முதலாளி ஆக்கியது. பிறந்த குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டுச் சேனை வைப்பதற்கே, நல்ல குணமுள்ள ஆளாக, நம்ம ஆளாகத் தேடுகிற ஜனம் இது. சேனை வைத்தவர் குணம் பிள்ளைக்கு வந்துவிடுமாம். ஒரு துளிக்கே இவ்வளவு விசாரணை நடத்துகிறவர்கள், ஒரு வருஷம் முழுக்கக் குடிக்கிற பாலுக்கு விசாரிக்காமல் விடுவார்களா என்று அவர் கணக்குப் போட்டார். பதினான்கு பிரிவிலிருந்தும் பூர்வீகம் விசாரித்துப் பதினான்கு தாய்மார்களைக் காரில் அழைத்து வந்து செல் எடுத்தார். விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. வரன் பார்க்கும்போது ஜாதகத்தோடு சேர்த்து, “பையன் என்ன மூடி குடிச்சான்?” என்று கேட்கும் காலமும் தூரத்தில் இல்லை.

பூங்கோதை அங்கே பாலின் சேர்மானத்தைச் சோதிக்கும் ஆய்வகத்துக்குத் தலைவி. சம்பளம் வாங்கிக்கொண்டே முதலாளியை மனசுக்குள் திட்டுகிற லட்சக்கணக்கான பேரில் அவளும் ஒருத்தி. புதிதாக வேலைக்குச் சேர்கிற பிள்ளைகளுக்கு அவள்தான் முதல் வகுப்பு எடுப்பாள்.

“தாய்ப்பாலில் நூற்றுக்கு எண்பத்தேழு பங்கு தண்ணீர். ஏழு பங்கு பால் சர்க்கரை. நாலு பங்கு கொழுப்பு. ஒரு பங்கு புரதம். எந்தத் தாயானாலும் கிட்டத்தட்ட இதுதான். சாதி இருந்தா மிச்சம் இருக்கிற அந்த ஒரு பங்குலதான் இருக்கணும். கண்டுபிடிச்சா எனக்கும் சொல்லுங்க.”

பிள்ளைகள் சிரிப்பார்கள். தண்ணீருக்கு ஏது சாதி என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று அவள் ஆரம்பத்தில் யோசித்ததுண்டு. நம் ஊரில் தண்ணீருக்கும் உண்டு என்பதால் அதை விட்டுவிட்டாள்.

அந்த மிச்சம் ஒரு பங்கில்தான் அவளுக்கு மிகவும் பிடித்த ஒன்று இருந்தது. குழந்தையால் செரிக்கவே முடியாத சர்க்கரைச் சங்கிலிகள். குழந்தைக்குப் பயன்படாத ஒன்றைத் தாயின் உடம்பு எதற்காக இவ்வளவு சிரமப்பட்டுச் செய்கிறது என்று விஞ்ஞானிகள் வெகுகாலம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கடைசியில் பார்த்தால், அது குழந்தையின் குடலில் குடியேறியிருக்கிற நல்ல கிருமிகளுக்கான சாப்பாடு. தாய் தன் பிள்ளைக்கு மட்டும் சமைக்கவில்லை. பிள்ளை வயிற்றில் யார் யாரோ வந்து தங்கியிருக்கிறார்களே, அவர்களுக்கும் சேர்த்துச் சமைக்கிறாள். எந்தத் தெரு என்று கேட்பதில்லை.

இத்தனை வருஷமாக அந்தச் சங்கிலிகளை ஒவ்வொன்றாக யாரும் அளந்ததில்லை. மொத்தச் சர்க்கரை சரியாக இருந்தால் தொட்டிக்குப் பச்சைக்கொடி காட்டிவிடுவார்கள். இப்போது வெளிநாட்டிலிருந்து ஒரு பெரிய ஆர்டர் வந்து, பதினான்கு வகைக்கும் தனித்தனியாகச் சங்கிலி விவரம் வேண்டும் என்றார்கள். பூங்கோதை அளந்தாள். பதினான்கும் அச்சு அசல் ஒன்றாக இருந்தது. ஐந்து பெண்களில் ஒருத்தியின் பாலில் ஒரு குறிப்பிட்ட சங்கிலி இருக்காது. அது குறையில்லை, உடம்பு வாகு. இங்கே பதினான்கு பேருக்கும் இல்லை. அப்படி நடக்க வழியே கிடையாது. மரபணுவைப் படித்துப் பார்த்தாள். பதினான்கு தொட்டியிலும் ஒரே ஒரு பெண் இருந்தாள்.

யார் என்று கண்டுபிடிக்க அவளுக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. பதினான்கு சீமாட்டிகளைத் தவிர இன்னொரு செல் வரிசையும் அந்த ஆய்வகத்தில் இருந்தது. இயந்திரங்களைச் சரிபார்க்க எந்தப் பிரிவையும் சேராத ஒரு பொதுப் பால் தேவைப்பட்டபோது எடுத்தது. அதற்கு வெள்ளை மூடி. விற்பனைக்கு இல்லை. விற்றாலும் யார் வாங்குவார்கள்? அந்த வெள்ளைதான் கையுறையிலோ குழாய் நுனியிலோ ஒரு துளியாக ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு தொட்டிக்கும் போயிருந்தது. வேகமாகப் பெருகுகிற செல். மற்றதுகளை அது அடிக்கவில்லை, பிடிக்கவில்லை. இடத்தைப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். காரில் வந்த பரம்பரைகள் எல்லாம் என்றைக்கோ செத்துப்போயிருந்தன.

வெள்ளை மூடி பூங்கோதையின் பால்.

அப்போது அவள் அங்கே பயிற்சிக்கு வந்த புதுப் பெண். முதல் குழந்தை பிறந்த வாரமே இறந்து போயிருந்தது. பெண் குழந்தை. பால் வற்றுவதற்காக அம்மா மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டி அனுப்பியிருந்தாள். துக்கத்துக்கு லீவு கேட்கும் அளவுக்கு வேலை நிரந்தரமாகியிருக்கவில்லை. மேலதிகாரி தயங்கித் தயங்கிக் கேட்டபோது, கொட்டத்தானே போகிறது என்று கொடுத்தாள். அதற்குப் பிறகு பல வருஷம் மல்லிகை வாசனை வந்தால் அவளுக்குக் குமட்டும்.

இப்போது மரபணு வரிசை திரையில் ஓடி நின்றபோது அவளுக்கு அழுகை வரவில்லை. சிரிப்புதான் வந்தது. சிரித்து முடித்த பிறகு, நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள்.

சந்திரகாசன் அறையில் அவள் பதினான்கு தாள்களையும் மேஜையில் பரப்பி விஷயத்தைச் சொன்னாள். யாருடைய செல் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் தாளைத் தொடக்கூட இல்லை.

“தெரியும் டாக்டர்.”

“தெரியுமா?”

“ஆரம்பத்துல ஒரு தொட்டி நல்லா ஓடும், ஒரு தொட்டி படுத்துக்கும். திடீர்னு பதினாலும் குதிரை மாதிரி ஓட ஆரம்பிச்சுது. செலவு பாதியாச்சு. ஏன்னு தோண்டிப் பார்க்க எனக்கென்ன பைத்தியமா?”

“ஜனங்க ஏமாந்துட்டு இருக்காங்க சார்.”

“என்னத்துல ஏமாந்தாங்க? குழந்தைங்க நல்லா இருக்குதா இல்லையா? எடை ஏறுதா இல்லையா? நாம விக்கிறது பாலுன்னு நீங்க நினைக்கிறீங்க. நாம விக்கிறது மூடி. பாலு சும்மா உள்ளே போகுது.” அவர் நாற்காலியில் சாய்ந்தார். “இப்பப் பாருங்க, ஊதாச் சாயம் துறைமுகத்துல மாட்டிக்கிட்டு கிடக்கு. மூடி அடிக்க முடியலை. தொட்டி பூரா பால் ரொம்பி வழியுது. ஒரு டப்பா ஊதா போட முடியலை. வேற நிறத்துல போட்டா வாங்குவானா? செத்தாலும் வாங்க மாட்டான்.”

செத்தாலும் என்று அவர் பேச்சுக்குச் சொன்னார். பூங்கோதைக்கு அது பேச்சாக இல்லை. அவள் வீட்டில் ஊதா மூடிக் குழந்தை ஒன்று இருந்தது.

“சார், எங்க நாத்தனார் குழந்தை. மூணு மாசம். மாட்டுப்பால் மாவு கொடுத்தா ரத்தமாப் போகுது. ஊதா தீர்ந்துபோச்சுன்னு சர்க்கரைத் தண்ணியில ஓட்டிட்டு இருக்காங்க. வேற மூடி தொட மாட்டேங்கிறாங்க.”

“இதுக்கா கவலைப்படறீங்க?” அவர் நிஜமான பரிவோடு சொன்னார். “வீட்டுல பழைய ஊதா டப்பா கிடக்குமே. கிடைச்சதை அதுல கொட்டி வையுங்க. நான் இத்தனை வருஷமா என்ன பண்றேன்? அதேதான். அப்புறம், இந்த வெளிநாட்டு ஆர்டருக்குப் பதினாலு தாள்லயும் கொஞ்சம் முன்னே பின்னே நம்பரை மாத்திப் போட்டுக் கொடுத்துடுங்க.”

“நான் போட மாட்டேன் சார்.”

“வேண்டாம். வேற ஆள் போடட்டும்,” என்றார், கோபமே இல்லாமல்.

அவள் ஆய்வகத்துக்குப் போய், சோதனைக்கென்று அடைத்து வைத்திருந்த வெள்ளை மூடி டப்பா ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். தாம்பரம் போகிற மெட்ரோவில் அந்தப் பையை மடியிலேயே வைத்திருந்தாள்.

மாமனார் பொன்னுரங்கம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊர்ச் சொத்துக்கெல்லாம் வில்லங்கம் பார்த்துப் பழகியதில், மனிதர்களுக்கும் பார்க்கிற வழக்கம் வந்துவிட்டது. மகன் தனசேகர், கூடப் படித்த பூங்கோதையைக் கட்டிக்கொண்டபோது வீட்டு வாசலை அடைத்தார். மனைவி இறந்துபோய்ச் சமையலுக்கு ஆள் இல்லாமல் போன மாதம் பாசம் பொங்கித் திறந்தார். உள்ளே விட்டாரே தவிர, வருகிறவர்களிடம் உண்மையைச் சொல்லவில்லை. “மருமக கோயம்புத்தூர் பக்கம். நம்ம ஆளுங்கதான்,” என்பார். பூங்கோதை மீஞ்சூரைத் தாண்டி எங்கும் வளர்ந்தவள் இல்லை.

மகள் மதிவதனிக்குப் பிரசவம் ஆனபோது சேனை வைக்க ஓய்வு பெற்ற தாசில்தார் ஒருவரை அழைத்து வந்தார்கள். அவருடைய குணத்தைப் பற்றி ஊரில் இரண்டு மூன்று வழக்குகள் நடந்துகொண்டிருந்தன, ஆனால் மூடி ஊதா. கையை நீட்டிக்கொண்டு நின்ற பூங்கோதையிடம் பொன்னுரங்கம் மெதுவாகச் சொன்னார். “நீ தூக்க வேணாம்மா. பிள்ளை தங்காத கை.” அன்றிலிருந்து அவள் தூக்கவில்லை. மதிக்குப் பிரசவத்தில் கண்ட ஜுரம் விட்டபோது பாலும் வற்றிப்போயிருந்தது. ஊதா மூடி வந்து சேர்ந்தது. பாட்டில் கழுவுவது, வெந்நீர் வைப்பது எல்லாம் பூங்கோதை. ஊட்டுவது மற்றவர்கள்.

அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது குழந்தை அழுதுகொண்டிருந்தான். நேற்று வரை தெருவைக் கூட்டுகிற மாதிரி கத்தியவன், இன்று முனகுகிற மாதிரிதான் அழுதான். உச்சிக்குழி உள்ளே இறங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பயம் வந்துவிட்டது. மதி அவனை மடியில் போட்டுக்கொண்டு, கண்கள் வீங்கி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் சிங்கப்பூரிலிருந்து வீடியோவில் கவலைப்பட்டு முடித்திருந்தான். பொன்னுரங்கம் போனில் இருந்தார்.

“தூத்துக்குடியில ஒரு டப்பா இருக்காம்! நம்ம ஆளு ஒருத்தரு. நாளைக்கு ராத்திரி வண்டியில குடுத்து அனுப்பறாராம்.”

“நாளைக்கு ராத்திரியா?” என்றாள் பூங்கோதை. “மாமா, உச்சிக்குழியைப் பார்த்தீங்களா? டாக்டர் என்ன சொன்னாங்க?”

“அந்தம்மா எந்த மூடியா இருந்தாலும் குடுங்கன்னு சொல்லுது. அதுக்கென்ன, அது வீட்டுப் பிள்ளையா?”

“எல்லா மூடியும் ஒண்ணுதான் மாமா. நான் அங்கதான் வேலை பார்க்கிறேன். என் பேச்சைக் கேளுங்க.”

“நீ அப்படித்தாம்மா சொல்லுவே,” என்றார். அதில் இருந்த நீ அவளுக்குப் பழகிய நீ.

டப்பாவை வெளியே எடுத்தாள். வெள்ளை மூடியைக் கண்டதும் பொன்னுரங்கம் இரண்டடி பின்வாங்கினார். நிறமே இல்லாத மூடி. அது யார் என்று கணக்கில்கூட வராத ஆள். “இதையா? எம் பேரனுக்கா?” என்றார்.

தனசேகர் அவளைக் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனான். பரணிலிருந்து ஒரு காலி ஊதா டப்பாவை ஏற்கெனவே எடுத்து, துடைத்துக்கூட வைத்திருந்தான்.

“கோதை, இதுல கொட்டிடு. ஒரு கடையில கிடைச்சுதுன்னு நான் சொல்லிக்கிறேன். குழந்தை குடிச்சா போதும். யாருக்கும் தெரியாது.”

முதலாளி சொன்ன அதே வார்த்தை. ஒரகடத்தில் கோட் போட்டுக்கொண்டு சொன்னதை இவன் பனியனோடு சொன்னான். அவளுக்குப் புருஷன்மேல் அன்று வந்த வெறுப்பு அதற்கு முன்பு வந்ததில்லை. அதே சமயம், அவன் சொன்னதைச் செய்யலாமா என்று கை ஒரு கணம் போகவும் செய்தது. உள்ளே அந்த முனகல் கேட்டுக்கொண்டிருந்தது. கொட்டினால் ஐந்து நிமிஷத்தில் குடிப்பான். நாளைக்குப் பொன்னுரங்கம் தெருவில் நின்று, நம்ம பால்னா நம்ம பால்தான், பார்த்தியா எப்படித் தெளிஞ்சுட்டான் என்பார். அடுத்த முறை மூடி கிடைக்காதபோது இவன் திரும்பவும் சர்க்கரைத் தண்ணீர் குடிப்பான்.

“கோயம்புத்தூர் பக்கம்னு என் மேல ஒரு மூடியைப் போட்டு இத்தனை வருஷம் வச்சிருந்தீங்க. நானும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்,” என்றாள். “குழந்தைக்கும் அதையே பண்ணச் சொல்றீங்களா?”

“இப்ப அதெல்லாம் எதுக்குக் கோதை...”

அவள் ஆறவைத்த வெந்நீரையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். வெள்ளை மூடியை எல்லோர் எதிரிலும் திறந்தாள்.

“மாமா, மதி, ரெண்டு பேரும் கேட்டுக்கங்க. ஊதாத் தொட்டியில ஊதா ஆளு யாரும் இல்லை. பச்சையிலயும் இல்லை, ஆரஞ்சுலயும் இல்லை. பதினாலு தொட்டியிலயும் ஒரே ஒரு பொம்பளையோட பால்தான் இருக்கு. அது ரொம்ப வருஷமாவே அப்படித்தான். இன்னிக்கு நானே சோதிச்சேன். முதலாளியும் ஒத்துக்கிட்டாரு. இவன் பொறந்ததுல இருந்து குடிச்சது அவ பால்தான்.”

“எவ அவ?” என்றார் பொன்னுரங்கம். முதலில் கேட்டது அதுதான். “எந்த ஆளு?”

“நான்தான் மாமா.”

பொன்னுரங்கத்தின் வாய் திறந்து, மூடி, திரும்பத் திறந்தது. தன் சொத்து என்று நினைத்து வீடு கட்டிக் குடிபோன இடத்துக்கு வேறொருவன் பட்டாவோடு வந்து நின்றால் அவருடைய அலுவலகத்தில் ஜனங்கள் இப்படித்தான் நின்றிருப்பார்கள்.

“பொய்,” என்றார். “மதி, அதைத் தொடாதே. இவ வேணும்னே...”

மதிவதனி எழுந்து வந்தாள். பிறந்ததிலிருந்து அப்பாவின் எதிரில் குரல் உயர்த்தாத பெண். இப்போதும் உயர்த்தவில்லை.

“அப்பா, நகருங்க.”

“என்னது?”

“வழியை விட்டு நகருங்கப்பா. எம் பிள்ளை பசியில கிடக்கான்.”

அவர் நகர்ந்தார். எதனால் நகர்ந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. மதி கரண்டியால் மாவை அள்ளி, மட்டமாகத் தட்டி, பாட்டிலில் போட்டுக் குலுக்கினாள். புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தாள். குழந்தை முதலில் வாயைத் திறக்கவில்லை. உதட்டில் ஒரு துளி பட்டதும், நினைவு வந்தவன்போல் கவ்வினான். பிறகு அந்த வீட்டில் அவன் குடிக்கிற சத்தம்தான் பெரிய சத்தமாக இருந்தது. பூங்கோதை கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். போய்ச் சேர்ந்துவிடுவானோ என்ற பயம் அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது.

பொன்னுரங்கம் நாற்காலியில் உட்கார்ந்து, நெற்றியைத் தேய்த்தார். எழுந்து நடந்தார். திரும்ப உட்கார்ந்தார். பாட்டில் பாதி இறங்கியிருந்தபோது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பூங்கோதை அதைக் கண்டு, கிழவருக்கு நல்ல புத்தி வந்துவிட்டதோ என்றுகூட நினைத்துவிட்டாள்.

“ஏம்மா,” என்றார், என்றும் இல்லாத கனிவோடு. “அந்தப் பாலை நீ கல்யாணத்துக்கு அப்புறம்தானே கொடுத்தே?”

“ஆமா.”

“அப்படிச் சொல்லு!” நாற்காலியின் கையில் ஓங்கித் தட்டினார். “பத்திரம் பதிஞ்ச தேதியிலேர்ந்து சொத்து வாங்கினவனுக்குச் சொந்தம். கழுத்துல தாலி ஏறின தேதியிலேர்ந்து நீ இந்த வீட்டு ஆளு. அப்பப் பால் யாரு பாலு? நம்ம பாலு! ஊதாப் பாலு!”

“அப்பா...” என்றான் தனசேகர்.

“இருடா. யோசிச்சுப் பாரு. பதினாலு மூடியிலயும் நம்ம பால்தான் போயிருக்கு. அந்தப் பச்சை மூடிக்காரன் என்னமா மீசையை முறுக்கினான்! அவன் பேரன் குடிச்சது யாரு பாலு? நம்ம வீட்டுது! தமிழ்நாட்டுல பாதிப் பிள்ளைங்க நம்ம பாலைக் குடிச்சு வளர்ந்திருக்குதுடா! நம்ம சங்கத் தலைவருக்கு இப்பவே போன் போடறேன். மாநாட்டுல இந்தப் பொண்ணை மேடையேத்திப் பொன்னாடை போர்த்தணும்.”

அவர் நிஜமாகவே சந்தோஷப்பட்டார். கண்கூடக் கலங்கியிருந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்பு பேரன் செத்தாலும் பரவாயில்லை என்று இருந்த மனிதர், இப்போது மாநிலத்துக்கே பாலூட்டிய பெருமையில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். பூங்கோதைக்கு இந்த மூளையின் திறமையை நினைத்து மலைப்பாக இருந்தது. தொட்டியிலிருந்து பால் போகிறது, பரம்பரை போகிறது, எல்லாம் போகிறது. இதுமட்டும் புதிதாக ஒரு மூடியைச் செய்துகொண்டு வந்துவிடுகிறது. அதற்குச் சாயம்கூடத் தேவைப்படவில்லை.

“தேதி கேட்டீங்களே மாமா,” என்றாள். “முழுசாக் கேட்டுட்டுப் போன் போடுங்க.”

அவள் கத்தவில்லை. ஆனால் பொன்னுரங்கம் போனைக் காதிலிருந்து இறக்கினார்.

“தாலி ஏறி ஒன்றரை வருஷம் ஆகியிருந்துச்சு. நீங்க கதவைத் திறக்கலை. உங்க பிள்ளைக்குப் புனாவுல வேலை. நான் மீஞ்சூர்ல எங்க அம்மா வீட்டுல இருந்தேன். ரேஷன் அரிசிச் சோறும் கருவாட்டுக் குழம்பும் எங்க அம்மா போட்டாங்க. அந்தச் சோத்துலதான் அந்தப் பால் ஊறுச்சு. இந்த வீட்டுச் சோத்துல ஒரு பருக்கைகூட அதுல இல்லை.” பாட்டிலைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தாள். “அதைக் குடிக்கறதுக்குள்ள எம் பொண்ணு போயிட்டா. உங்களுக்கு ஆள் அனுப்பினோம். உங்க பேத்தி முகத்தைக் கடைசியா ஒரு தடவை பார்க்க வாங்கன்னு. நீங்க வரலை. அன்னிக்கு அவ எந்த மூடின்னு உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிருந்துச்சு. இன்னிக்குப் பால் மட்டும் எப்படி உங்க பாலாச்சு?”

பொன்னுரங்கம் மகனைப் பார்த்தார். மகன் மின்விசிறியைப் பார்த்தான். போனில் யாரோ, “ஹலோ, ஹலோ” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதை அவர் அணைத்தார்.

பாட்டில் காலியானது. குழந்தை தன்னைப் பற்றி நடந்த எந்தப் பேச்சையும் சட்டை செய்யாமல், பால் மயக்கத்தில் கண்ணைச் செருகிக்கொண்டிருந்தான். மதிவதனி அவனை இரண்டு கையாலும் தூக்கி, பூங்கோதையிடம் நீட்டினாள்.

“அண்ணி, இவனுக்கு ஏப்பம் விடணும். எனக்கு இன்னும் சரியா வரலை. நீங்க வாங்கிக்கங்க.”

“மதி...” என்றார் பொன்னுரங்கம். மதி திரும்பிப் பார்க்கவில்லை.

பூங்கோதை அவனை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தான். சூடாக இருந்தான். கழுத்தோரம் மூச்சு விட்டான். முதுகை மெதுவாகத் தட்டிக்கொண்டே கூடத்துக்குள் நடந்தாள். மூன்று மாதமாகப் பாட்டில் கழுவிய கைக்கு இது தெரிந்துதான் இருந்தது.

பொன்னுரங்கம் எழுந்தார். எதிர்வீட்டுக்காரர்கள் காதில் எதுவும் விழுந்திருக்கக் கூடாதே என்று ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்த ஆரம்பித்தார். அவர் சாத்தி முடிப்பதற்குள் அவருடைய பேரன் பெரிய மனுஷன் மாதிரி ஓர் ஏப்பத்தை விட்டு, கூடவே கொஞ்சம் பாலையும் பூங்கோதையின் தோளில் கக்கினான். துடைக்கத் துணி கொண்டு வரட்டுமா என்று தனசேகர் கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவள் தட்டிக்கொண்டே இருந்தாள்.